சம்பந்தி கொடுத்த ப்ரீபெய்டு கார்டு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகளின் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவியின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், கார் ஓட்டப் பயிற்சி தரும் தங்கள் பள்ளியும், அதன் நான்கு கார்களும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று தாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த ப்ரீபெய்டு கார்டு எப்படி இருக்கிறது என்று போன மாதம் மூன்று தடவை போன் செய்து விசாரித்தீர்கள். மூன்று தடவையும் போனை எடுத்தது என் மனைவி. மூன்று தடவையும் "ரொம்ப உபயோகமா இருக்குண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்தபடியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தி வீட்டில் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. கேட்டவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. தங்கள் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் பெட்ரோல் போட இதே கார்டை வாங்கித் தரலாமா என்று யோசிப்பதாகவும், என் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பும்படி கேட்டதாகவும் அவள் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் என்றால் நடுவில் தாங்கள் பேசுவீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன். எங்கே எவ்வளவு போகிறது என்று பார்ப்பது எனக்குத் தொழில். தாங்கள் ஐயாயிரம் போட்டுக் கொடுத்தீர்கள். என் மகன் அன்று சாயங்காலமே அதைப் போன் செய்து உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு எனக்கு விளக்கம் சொன்னான். இது கடன் கார்டு இல்லையாம். முதலில் பணத்தைப் போட வேண்டுமாம், பிறகு போட்டதை எடுத்துச் செலவழிக்க வேண்டுமாம், அதற்கு மேல் ஒரு காசு செலவழிக்க முடியாதாம். அப்படியானால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்டேன். "சட்டைப் பையை வெச்சு ஆன்லைன்ல எதுவும் வாங்க முடியாதுப்பா" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உயிர்ப்பித்ததற்குக் கட்டணம் நூற்றைம்பது என்று அவன் சொல்லவில்லை. கார்டும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற மாதிரிதானே என்று பிற்பாடு நானே மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சம்பந்தி கொடுத்தது என்பதால் அதைக் கண்டபடி செலவழிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. என் மனைவி அதை ஒரு உறையில் போட்டு, அலமாரியில் வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். ஐந்து மாதம் அது அங்கே பத்திரமாக இருந்தது. நாங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மாதா மாதம் எழுபத்தைந்து பராமரிப்புக் கட்டணமாம். பூட்டிய அலமாரிக்குள் அதை யார் பராமரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தூசி தட்டியது என் மனைவி. அதுபோக மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தால் நாலாம் மாதத்திலிருந்து சும்மா வைத்திருப்பதற்கு ஒரு ஐம்பது. செலவழித்தால் பணம் குறையும், அது உலகம் அறிந்தது. செலவழிக்காமல் இருந்ததற்குப் பணம் குறைந்ததை நான் இப்போதுதான் பார்க்கிறேன். குழாயை இறுக்கி மூடிய வீட்டில் மீட்டர் சுற்றினால் எங்கேயோ கசிவு என்று அர்த்தம். நான் நோட்டீஸ் கொடுத்திருப்பேன்.

ஆறாம் மாதம் என் மனைவிக்கு முழங்கால் வலி கூடிப்போச்சு. காலை நீட்டி உட்கார வசதியாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கிவிடலாம், சம்பந்தி ஞாபகமாகவும் இருக்கும் என்று இருவரும் கிளம்பினோம். கடையில் அவள் பதினோரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பன்னிரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. ஐயாயிரத்துக்குள் அடங்குகிறது என்பதற்காகவே அது பிடித்துப்போனதாகச் சொன்னாள் என்று எனக்குச் சந்தேகம். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். கல்லாவில் இருந்த பொண்ணு கார்டை மிஷினில் வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடி பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "சார், இது போகல" என்றாள். மெதுவாகச் சொன்னால் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள், பாவம். எல்லாருக்கும் கேட்டுவிட்டது. குறைகிற தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள், மீதியைக் கார்டில் எடுத்துக்கொள்கிறேன் என்று அவளே ஒரு வழியும் சொன்னாள். நல்ல பொண்ணு. என் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணன் கொடுத்ததுல நம்ம காசைக் கலந்தா அப்புறம் அது யார் வாங்கின நாற்காலி?" என்றாள். ஏழெட்டுப் பேரை விலக்கிக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்தோம். திருப்பி அனுப்பப்பட்டதற்குக் கார்டு பதினைந்து பிடித்துக்கொண்டது. அவமானப்பட்டது நாங்கள், கூலி அதற்கு.

உள்ளே எவ்வளவுதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாசலில் இருந்த ஏடிஎம்மில் பார்த்தேன். நாலாயிரத்து முன்னூற்று நாற்பத்தைந்து என்று காட்டியது. எந்த மீட்டரையும் ஒருமுறைக்கு இருமுறை படிப்பது என் பழக்கம். மறுபடி பார்த்தேன், நாலாயிரத்து முன்னூற்று முப்பது. கண்ணாடி சரியில்லையோ என்று துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரம் பார்த்தேன், நாலாயிரத்து முன்னூற்றுப் பதினைந்து. பார்க்கப் பார்க்கப் பதினைந்து பதினைந்தாகக் குறைகிறது. நான் படித்த எந்த மீட்டரும் படித்ததற்காகச் சுற்றியதில்லை சம்பந்தி. நாலாவது தடவை பார்க்கப் போனவனை என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

அது நல்லதையும் செய்திருக்கிறது, மறைக்க மாட்டேன். அடுத்த வாரமே மூக்குக் கண்ணாடி மாற்றினேன், ஆயிரத்து நூற்று அறுபத்தைந்து. அதில் ஒரு காசு கூடுதலாகப் பிடிக்கவில்லை. வைத்தார்கள், கீச்சென்று ஒரு சத்தம், போய்விட்டது. எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. இப்படிக் கார்டில் ஒழுங்காகச் செலவு செய்தால் பாங்க்கில் நல்ல பெயர் கிடைக்கும், நாளைக்கு மகனுக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது உதவும் என்று நினைத்துக்கொண்டு பாங்க்குக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். இது சொந்தப் பணம், அதனால் இது கணக்கிலேயே வராதாம். கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிறவருக்குத்தான் நல்ல பெயராம். "அப்ப ஆயுசு பூரா ஒருத்தன்கிட்டயும் கைநீட்டாத ஆளுக்கு?" என்று கேட்டேன். "உங்களைப் பத்தி எங்களுக்கு எதுவும் தெரியாது சார்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இனி பெட்ரோல். தங்களுக்கு முக்கியமானது இதுதான், கவனமாகப் படிக்கவும். ஒரு திங்கட்கிழமை ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போனேன். அங்கே பம்புக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. நாமே கார்டைப் பம்பில் செருகி, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இருநூற்று நாற்பதுக்குப் போட்டேன். ஆனா பம்புக்கு நான் எவ்வளவு போடப்போறேன்னு முன்கூட்டித் தெரியாது இல்லையா, அதனால ஒரு பாதுகாப்புக்கு மூவாயிரத்தை அது தனியாப் பிடிச்சு வெச்சுக்குதாம். நாலஞ்சு நாள் கழிச்சு இருநூத்தி நாப்பதை எடுத்துக்கிட்டு மீதியை விட்டுடுமாம். லாரிக்குப் போடுற பெட்ரோலையா நான் ஸ்கூட்டருக்குப் போடப்போறேன்? அந்த மாதக் கட்டணமும் போன பிறகு கார்டில் இருந்தது மூவாயிரத்து எழுபத்தைந்து. ஆக என் கைக்கு மிஞ்சியது எழுபத்தைந்து. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் மருந்துக் கடையில் கார்டு போகாமல், அதற்கும் ஒரு பதினைந்து போய் அறுபதானபோது, மகனுக்குப் போன் போட்டுக் கேட்டு அவன் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நாலு காருக்கும் இப்படி நாலு மூவாயிரம் மாட்டிக்கொண்டால், தங்கள் ஆட்கள் காரைத் தள்ளிக்கொண்டுதான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே கல்லாவில் போய் ஆளிடம் கார்டைக் கொடுத்தால் போட்ட அளவுக்கு மட்டும் எடுப்பார்களாம். இதையும் மகன்தான் சொன்னான், எல்லாம் முடிந்த பிறகு.

அடுத்த நாள் புதன்கிழமை. காலையில் பத்தரை மணி இருக்கும். என் மனைவியின் முழங்காலுக்குப் போட ஒரு பட்டை வாங்கி அனுப்பியிருப்பதாகத் தங்கள் மகள் சொல்லியிருந்தாள். நாங்கள் அந்தப் பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு போன். பார்சல் கம்பெனியில் இருந்து பேசுவதாகச் சொன்னார். நல்ல குரல், நிதானமான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை சார். விலாசத்தில் ஒரு எண் தப்பாக இருக்கிறதாம், சரிசெய்ய இருபது கட்ட வேண்டுமாம், கார்டு நம்பரைச் சொன்னால் அவரே கட்டிவிடுவாராம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அலமாரியைத் திறந்து இரண்டு கார்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்று தாங்கள் கொடுத்தது. இன்னொன்று பாங்க் கார்டு. நான் ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணமும் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. எங்களுக்கு இருப்பது அவ்வளவுதான். நான் பாங்க் கார்டைத்தான் கையில் எடுத்தேன். தங்கள் கார்டு முந்தின நாள்தானே மருந்துக் கடையில் மானத்தை வாங்கியது. என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "இருபதுக்கு எதுக்கு அதை எடுக்கறீங்க? முகம் தெரியாத ஆளுக்கு அண்ணன் கார்டு போதும்" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சம்பந்தி, அவள் வாயில் அப்படித்தான் வந்தது.

அறுபதில் இருபது போகும்தானே என்று தங்கள் கார்டின் நம்பரைப் படித்தேன். பின்பக்கத்து மூன்று எண்ணையும் படித்தேன். போனில் வந்த ரகசிய எண்ணைக் கேட்டார், அதையும் படித்தேன். முப்பத்து நாலு வருஷம் எண்ணைப் படித்தவனாச்சே, தடுமாறாமல் படித்தேன். போன் துண்டானது. பிறகு செல்லில் டிங் டிங் என்று செய்தியாக வந்து விழுகிறது. விளம்பரம்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். இப்போது குரலில் அந்த நிதானம் இல்லை. "என்ன சார், கார்டுல ஒண்ணுமே இல்லையே" என்றார்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபதுக்கு வக்கில்லாத ஆள் என்று நினைத்துவிட்டாரே என்று ஒரு கூச்சம். அறுபது இருக்கிறதே என்றேன். வேறு கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு, இதோ கையிலேயே இருக்கு, சொல்றேன், அதுக்கு முன்னாடி இதுல ஏன் இல்லைங்கிறதைச் சொல்லிடறேன் என்று ஆரம்பித்தேன். உள்ளதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. எங்க சம்பந்தி ஐயாயிரம் போட்டுத்தான் கொடுத்தாரு, அவர் பேர்ல ஒரு தப்பும் இல்லை, உயிர்ப்பிச்சதுக்கு நூத்தம்பது, அலமாரியில் இருந்ததுக்கு மாசம் எழுபத்தஞ்சு, சும்மா இருந்ததுக்கு ஐம்பது, நாற்காலிக் கடையில போகாததுக்குப் பதினஞ்சு, பார்த்ததுக்குப் பதினஞ்சு, மறுபடி பார்த்ததுக்குப் பதினஞ்சு என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் அவர் மூன்று நாலு தடவை "சார், அந்த இன்னொரு கார்டு" என்றார். இருங்க தம்பி, பெட்ரோல் பம்புக்கு இன்னும் வரலை என்றேன். பம்புக்கு வந்து, அந்த மூவாயிரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "பெரியவரே, என்னால முடியல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேலையில் இருக்கிற மனுஷனின் நேரத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தத்தோடுதான் அந்தச் செய்திகளைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தெட்டாயிரம் எடுக்க முயற்சி, பணம் இல்லாததால் மறுக்கப்பட்டது, கட்டணம் பதினைந்து. இருபதாயிரம், மறுக்கப்பட்டது, பதினைந்து. ஐயாயிரம், பதினைந்து. ஐந்நூறு, பதினைந்து. இருபது கேட்டவருக்கு எதுக்கு நாற்பத்தெட்டாயிரம் என்று யோசித்தேன். யோசித்து முடித்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இன்னொரு கையில் பாங்க் கார்டு அப்படியே இருந்தது. நம்பர் மேலே தெரியும்படி, படிக்கத் தயாராகப் பிடித்திருந்தேன். என் மனைவி வந்து செய்திகளைப் பார்த்தாள். கார்டை என் விரலில் இருந்து மெதுவாகப் பிரித்து எடுத்து, கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை வெங்காய வாசனையோடு என் கைமேல் இருந்தது.

அப்போதுதான் மேலே இருந்து குரல் கேட்டது. எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பெரிய வார்டில் இருந்தவர் என்பதால் மெதுவாகப் பேச வராது. அவர் சமையலறை ஜன்னலும் எங்கள் சமையலறை ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம் பார்த்தபடி இருக்கின்றன. "பார்சலா? ஆமாமா, என் அக்கா அனுப்பறேன்னுதான் சொன்னா" என்கிறார். பிறகு, "இருங்க, கார்டை எடுத்துக்கிட்டு வரேன்" என்கிறார். அவர் தன் முழங்கால் இரண்டுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று என் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்று கத்தினேன். அவர் குரலுக்கு முன்னால் என் குரல் எடுபடவில்லை. அவர் போன் நம்பர் எங்களிடம் இருந்தது, போட்டால் பிஸி. பிஸியாகத்தானே இருக்கும்.

லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியில் ஓடினேன் சம்பந்தி. நாங்கள் இருப்பது தரைத்தளம். மூணு மாடி. எத்தனையோ வீட்டுப் படி ஏறினவன்தான், ஆனா அதெல்லாம் சம்பளத்துக்கு, நிதானமா ஏறினது. போகும்போதே அவர் எண்ணைப் படிக்கிறது காதுல விழுது, அஞ்சு, அஞ்சு, ரெண்டு, ஒன்பதுன்னு. கதவைத் தட்டினேன். திறந்தாங்க, ஒரு கையில போன், ஒரு கையில கார்டு. எனக்குச் சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்துச்சு, மூச்சு வரல. திருடன்னு சொல்ல நினைச்சா "தி… தி…"ன்னு காத்துதான் வருது. அந்தம்மா என் முகத்தைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். போனைத் தூக்கி சோபாவில் எறிஞ்சாங்க, கார்டு தரையில் விழுந்துச்சு, என்னை அப்படியே நிலைப்படியில் உட்கார வெச்சு மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. நான் போனைக் காட்டி வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டறேன். "கையை ஆட்டாதீங்க, நாடி பிடிபடல"ன்னு ஒரு அதட்டல். போன்ல அந்த ஆள் "மேடம், மேடம்"னு கத்திக்கிட்டே இருந்தான். அந்தம்மா அதை எடுத்து, "இங்க ஒருத்தருக்கு உயிர் போகுது, அப்புறம் பேசு"ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டாங்க. பன்னிரண்டு எண் சொல்லியிருந்தாங்களாம். நாலு பாக்கி.

எனக்கு மூச்சு வந்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவர் என் மணிக்கட்டை விட்டார். என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு லிப்டில் வந்து சேர்ந்தாள். நர்ஸம்மா தரையில் கிடந்த கார்டை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நான் எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து போய் மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று பேரும் மருந்து குடிக்கிற மாதிரி குடித்தோம்.

அன்று மத்தியானமே அவரும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதுகிறவர் எவ்வளவு போச்சு என்று கேட்டார். அறுபது என்றேன். திருடன் எடுத்தது அறுபதா என்றார். இல்லை, திருடனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவன் நாலு தடவை முயற்சி செய்ததற்கு என்னிடம் கார்டு கம்பெனி பிடித்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப யார் மேல கம்ப்ளெயின்ட் எழுதறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அழைப்புகள் வந்த இரண்டு போன் நம்பரையும் குறித்துக்கொண்டு, நர்ஸம்மாவை உடனே பாங்க்குக்குப் போன் செய்து கார்டை முடக்கச் சொன்னார். என் கார்டையும் முடக்கி வேறு வாங்கச் சொன்னார். வாங்கினேன். புதுக் கார்டுக்கு இருநூற்றைம்பது.

பம்பு மீதிப் பணத்தைச் சனிக்கிழமை விட்டுவிட்டது. ஆக இன்றைய தேதியில் தங்கள் அன்பளிப்பின் நிலவரம் இது. ஐயாயிரத்தில் நான் வாங்கியது ஆயிரத்து நானூற்று ஐந்துக்கு. கட்டணமாகப் போனது ஆயிரத்து எண்பத்தைந்து. மீதி இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து. சாய்வு நாற்காலி வாங்கவில்லை. நர்ஸம்மா என் மனைவியின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தக் காலுக்கு உட்கார்ந்திருப்பதுதான் வியாதி, தினம் நட என்று சொல்லிவிட்டார். இப்போது இரண்டு பேரும் காலையில் தெருமுனை வரை போய் வருகிறார்கள். திரும்பி வந்ததும் எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது, நான் கேட்காமலே.

தங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கார்டு ஓட்டைப் பானை, அதில் சந்தேகம் இல்லை. வைத்தாலும் ஒழுகும், தொட்டாலும் ஒழுகும், எட்டிப் பார்த்தாலும் ஒழுகும். ஆனால் பானையில் கைவிட்டவனுக்கும் பானை அளவுதான் கிடைக்கும். வீட்டுக் கிணற்றை அவனால் தொட முடியவில்லை. அந்தப் புதன்கிழமையை நினைத்தால் ஆயிரத்து எண்பத்தைந்தை நான் கட்டணமாக நினைக்கவில்லை, காவல்காரன் சம்பளமாகத்தான் நினைக்கிறேன். காவல்காரன் சம்பளத்தை மட்டும் அவனாகவே எடுத்துக்கொள்கிறான், அதுதான் குறை. இருந்தாலும் தங்கள் பள்ளிக்கு இது தோதுப்படாது. நாலு பேர், நாலு கார், தினம் பம்பு, மாதம் பிறந்தால் கட்டணம். பெட்ரோலுக்கு ரசீது வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுத்துவிடுவதே நல்லது. யாருக்கும் இதை வாங்கித் தர வேண்டாம் என்பதே என் முடிவான அபிப்பிராயம். எங்கள் கல்யாண நாளுக்கு இதில் மறுபடியும் பணம் போடப்போவதாகச் சொன்னீர்களாம். மனசுக்கு நிறைவாக இருந்தது, அந்த நிறைவே போதும். போடுவதற்கும் தனியாக முப்பது கட்டணம் உண்டு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பரீட்சைக்குப் படிக்கும் தங்கள் இளைய மகனுக்கு எங்கள் ஆசிகள், நூற்றுக்கு நூறு வாங்கட்டும், பிடித்தம் எதுவும் இல்லாமல். இந்தக் கடிதத்தில் ஏதாவது அதிகப்படியாக இருந்தால் மீட்டர்காரன் வாய் என்று பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நன்மையை நாடும்
சம்பந்தி

பின்குறிப்பு: இதை எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கள் மகள் எடுத்துப் படித்துவிட்டாள். பாதி வரை சிரித்தாள், படியேறிய இடத்தில் கண்ணைத் துடைத்தாள், கடைசிப் பக்கம் வந்ததும் சட்டென்று முகம் மாறிவிட்டது. "மாமா, அப்பா அந்தக் கார்டுக்கு ஏஜென்சி எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள். பள்ளியின் முன்னறையில் பாதியைத் தடுத்துக் கவுன்ட்டர் போட்டிருக்கிறீர்களாம். தாங்கள் கேட்ட அபிப்பிராயம் என் படத்தோடு சுவரில் மாட்டுவதற்காம். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போன மாதம் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். தங்கள் மகள்தான், அப்பாவிடம் இதையெல்லாம் யாராவது ஒருத்தர் சொல்லத்தான் வேண்டும், அப்படியே அனுப்புங்கள் என்றாள். ஆகவே அனுப்புகிறேன். யாருக்கும் வாங்கித் தர வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். நர்ஸம்மாவுக்கு ஒரு கார்டு வேண்டும், உடனே வேண்டும், ஆபரேஷன் பணம் இருக்கும் கார்டை இனி வீட்டுக்கு வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். தங்கள் மகளுக்கும் ஒன்று, என் செலவில். தங்களுக்குக் கமிஷன் உண்டென்றால் சந்தோஷம். சுவரில் மாட்ட இந்த மூன்று வரியை எடுத்துக்கொள்ளலாம், படம் வேண்டாம்:

"போட்டதைவிட ஒரு காசு கூடுதலாக இந்தக் கார்டிலிருந்து யாரும் எடுக்க முடியாது. திருடனாலேயே முடியவில்லை. போட்டதை முழுசாக எடுக்க என்னாலும் முடியவில்லை."